ஒரு கன்னத்துக்கு மட்டும் பூவரசம்பூ

பூவிருந்தவல்லி,
பிரமாதி வருஷம், மாசி மாதம்.

சிரஞ்சீவி மாப்பிள்ளை மணவாளனுக்குத் தாய்மாமன் உலகநாதன் பூரண ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இவ்விடம் நான், உன் மாமி கன்னியம்மாள், எங்கள் பெண் தாட்சாயிணி, வண்டி மாடுகள் செவலையும் மயிலையும், சாமந்திப் பாத்திகள் எல்லாம் ஈசன் கிருபையில் க்ஷேமம். அவ்விடம் நீயும், உன் தாயாராகிய என் அக்காள் அன்னம்மாளும், காலேஜில் உன் வசம் ஒப்புவித்திருக்கும் கண்ணாடிக் குடுவைகளும் விரிசல் விடாமல் க்ஷேமமாக இருக்க வேண்டுகிறேன். க்ஷேமம் என்று எழுதியது கடிதத்தின் மரியாதைக்காக. உள்ளதைச் சொன்னால் எனக்குக் கன்னம் வீங்கி இப்போதுதான் வடிந்திருக்கிறது, மாடுகள் இரண்டுக்கும் கழுத்து வீங்கியிருக்கிறது, உன் மாமி கோபத்தில் முகத்தை உப்பி வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். தாட்சாயிணி ஒருத்திதான் எதுவும் வீங்காமல் நடமாடுகிறாள். அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் வீக்கத்தைச் சொல்லாமல் அவளிடம் வந்து சேர முடியாது, ஆகையால் பொறுமையாகப் படி.

நீ பூவரசம்பூ கேட்டு எழுதினாயே, அங்கே பிடித்தது சனி. நான் தலைமுறை தலைமுறையாகப் பூத்தோட்டம் வைத்திருக்கிறவன். மல்லி கேள், தருகிறேன். சாமந்தி கேள், வண்டியோடு அனுப்புகிறேன். யாரும் தலையில் வைக்காத, பூக்கடையில் ஒருத்தரும் விலை கேட்காத, ஏரிக்கரையில் தானாகப் பூத்துத் தானாக உதிர்கிற பூவரசம்பூவைக் கூடை கூடையாக அனுப்பு என்றால் நான் என்னவென்று நினைப்பது? அதுவும் விடிந்ததும் மஞ்சளாக இருக்கும்போதே பறிக்க வேண்டுமாம், சாயங்காலம் சிவந்துபோனால் உதவாதாம். மாட்டு வண்டி மெட்ராஸ் வந்து சேருவதற்குள் அது சிவக்காமல் என்னப்பா செய்யும்? அதற்கு நீ ‘மாமா கவனக்குறைவாக இருக்கிறார்’ என்று என் அக்காளிடம் சொன்னாயாம், அவள் எனக்கு எழுதியிருக்கிறாள். இந்த வயசில் ஏணி போட்டு மரத்தில் ஏறி நின்றேன் மாப்பிள்ளே. அந்த நேரம் பார்த்து லோகநாதன் வந்தான். உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, நம் வடக்குப் பக்கத்துத் தோட்டம் சாமுண்டீஸ்வரி அம்மாளுடையது, அவளுடைய ஒரே பிள்ளை. அண்ணாந்து பார்த்து, “இன்னா மாமா, மல்லி இப்ப மரத்துலயா பூக்குது?” என்று கேட்டுச் சிரித்தான். பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை, இதை நீயும் மனசில் வைத்துக்கொள்.

பிறகு நீ அந்தப் பூக்களையெல்லாம் சாராயத்தில் ஊறவைத்துக் காய்ச்சி மஞ்சள் பொடியாக்கி ஒரு புட்டியில் அனுப்பினாய், கூடவே நீளமாக ஒரு கடிதம். அதைத் தாட்சாயிணி எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள். உடம்பில் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் இருக்கின்றன, அவை கசிவதால் வீக்கம் வருகிறது, பூவிலுள்ள மஞ்சள் சத்து அந்தக் கசிவைக் குறைக்கக் கூடும், சீமையில் எலுமிச்சம் தோலில் இதே ஜாதிச் சத்தைக் கண்டிருக்கிறார்கள், வெங்காயச் சருகிலும் உண்டு என்று எழுதியிருந்தாய். கசிவு மட்டும் எனக்குப் புரிந்தது. கிணற்றில் கவலை இறைக்கிற தோல் சால் கசிந்தால் நாமும் அடைக்கிறோம், அந்த மாதிரி என்று வைத்துக்கொண்டேன். ஆனால் உன் மாமி விடவில்லை. “மஞ்சள் கலரு தான் மருந்துன்னா மஞ்சளே கீதே, கொல்லையில வெளையுதே. பொன்னும் மஞ்சளா தானே கீது. இதுக்கு இன்னாத்துக்கு மரத்துல ஏறணும்?” என்று கேட்டாள். பூவின் மஞ்சளும் பொன்னின் மஞ்சளும் ஒரே வம்சமா, வேறு வேறா, கொஞ்சம் விளங்கும்படி எழுது. வெங்காயச் சருகை இத்தனை காலமாகக் குப்பையில் கொட்டி வந்திருக்கிறோமே என்று எனக்கு வேறு மனசு அடித்துக்கொள்கிறது.

இப்படியிருக்கையில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் வந்து போன வியாதி, தோட்டக்காரன் எனக்கு வருவானேன்? இரண்டு கன்னமும் காதடியிலிருந்து மோவாய் வரை உப்பி, வாய் கஞ்சி நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் பொன் சங்கிலி போடுகிற வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. உன் மாமியின் தாலிக்கொடியைக் கழற்றக் கூடாது, வேறு சங்கிலி நம்மிடம் இல்லை. சாமுண்டீஸ்வரி அம்மாள் கேள்விப்பட்டு அவளே இரட்டை வடச் சங்கிலியோடு வந்தாள். தன் கையாலேயே என் கழுத்தில் போட்டாள். போட்டுவிட்டுத் தெருவில் நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள். “அண்ணே, இந்தச் சங்கிலிக்கு வடியாத வீக்கம் கெடையாது. இதால வடிஞ்சிதுன்னா தாட்சாயிணிய எங்க ஊட்டுக்கு அனுப்பிடறியா? லோகநாதனுக்கு நானும் வேற எங்கியும் பொண்ணு பாக்கல.”

நான் சொல்ல நினைத்தது என்னவென்றால், அம்மா, என் அக்காள் மகன் மணவாளன் இருக்கிறான், மெட்ராஸில் பெரிய படிப்புப் படிக்கிறான், பெண் பிறந்த அன்றே பேசி வைத்தது. இவ்வளவும் சொல்ல வாய் வேண்டும். வாய் திறக்கவில்லை. மாட்டேன் என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டலாம் என்று பார்த்தேன், ஒரு பக்கம் திருப்பினதும் உயிர் போய் உயிர் வந்தது. மேலும் கீழும் ஆட்டினால்தான் வலி குறைவாக இருந்தது. அப்படி ஆட்டிவிட்டேன் மாப்பிள்ளே! வலிக்காத பக்கமாக ஆட்டினேன், அவ்வளவுதான். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சர்க்கரை எடுத்துவந்து தெருவுக்கே கொடுத்தாள். எனக்கும் கொஞ்சம் வாயில் போட வந்தாள், அது நுழையவில்லை.

அப்போதுதான் உன் பொடி ஞாபகம் வந்தது. சங்கிலியால் வடிந்தால்தானே பெண் போகும், மணவாளன் பொடியால் வடிந்தால் பெண் மணவாளனுக்கு என்று ஆகிவிடுமல்லவா? சிலேட்டில் எழுதித் தாட்சாயிணியிடம் காட்டினேன். அவள் உன் கடிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு, நீ எழுதினபடியே செய்ய வேண்டும் என்றாள். நீ என்ன எழுதியிருந்தாய்? இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் பூசு, மறு பக்கத்தைச் சும்மா விடு, நூலால் அளந்துகொண்டே வா, வித்தியாசம் தெரிந்தால்தான் மருந்து மருந்து. சரி, வலது கன்னத்துக்குப் பொடி, இடது கன்னத்துக்கு ஒன்றுமில்லை என்று முடிவாயிற்று. தினமும் காலையில் தாட்சாயிணி கொல்லைப்புறத்திலிருந்து கிண்ணத்தில் குழைத்துக் கொண்டுவந்து வலது கன்னத்தில் பூசுவாள். பூசினதும் சில்லென்று ஒரு குளிர்ச்சி, உள்ளே கசிகிற குழாய்கள் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொள்வது எனக்கே தெரிந்தது. இதை நீ உன் காலேஜில் தாராளமாகச் சொல்லலாம், நான் சாட்சி.

உன் மாமிக்குத்தான் இது பொறுக்கவில்லை. கட்டின புருஷனை ஒரு கன்னம் மஞ்சளாகவும் ஒரு கன்னம் வெறுமையாகவும் உட்கார வைத்திருந்தால் பார்க்கிறவர்கள் என்னவோ தப்புக்குத் தண்டனை கொடுத்த மாதிரி நினைப்பார்கள் என்று முணுமுணுத்தாள். “மாட்டுப் பொங்கலுக்கு ஒரு மாட்டுக்குக் கொம்புல வர்ணம் அடிச்சிட்டு ஜோடி மாட்ட சும்மா உட்டுடுவோமா? அது மூஞ்ச தொங்கப் போட்டுக்காது?” என்று கேட்டாள். தாட்சாயிணி அதைக் கேட்டு அப்படியே நின்றாள், கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னவோ யோசித்தாள். அம்மா சொன்னது அவள் மனசைத் தொட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மாடுகள் சமாசாரத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். நீ கேட்ட பூவுக்காக ஏறினபோது ஒரு பெரிய கிளை முறிந்து விழுந்தது, நல்ல கட்டையாக இருக்கிறதே என்று அதில் புது நுகத்தடி செய்யச் சொன்னேன். ஆசாரி அவசரத்தில் சரியாக இழைக்கவில்லை. செவலைக்கும் மயிலைக்கும் கழுத்து ஒன்று போல வீங்கிவிட்டது. நானும் படுத்துவிட்டேன், மாடும் நிற்கிறது, சாமந்தி யாருக்காகவும் காத்திருக்காது. லோகநாதன் தன் வண்டியிலேயே நம் பூவையும் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போய்வந்தான். கேட்காமலே செய்தான் என்பது உண்மைதான், ஆனால் முதல் நாள் ஜன்னல் வழியாக என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் சிரித்ததும் உண்மை. தினம் விடியற்காலையில் நம் கொல்லையில் அவன் குரல் கேட்கும். பூக்கூடை ஏற்றுவதற்கு இவ்வளவு நேரமா என்று படுத்தபடியே எரிச்சல்படுவேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வீக்கம் வடிந்துவிட்டது. இரண்டு கன்னமும் ஒரே நேரத்தில்! இதுதான் இப்போது எனக்கு வந்திருக்கிற கஷ்டம். சாமுண்டீஸ்வரி அம்மாள் வந்தாள், இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். “பொடி பூசினது ஒரு பக்கம். சங்கிலி சுத்திகினு இருந்தது ரெண்டு பக்கம். வடிஞ்சது ரெண்டு பக்கம். எதால வடிஞ்சிது, நீயே சொல்லு அண்ணே” என்றாள். நான் உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உன் சட்டப்படி பார்த்தால் நீதான் தோற்றுப்போகிறாய் மாப்பிள்ளே, உன் சட்டமே உன்னைக் கவிழ்க்கிறது! அப்படியே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அப்போது உன் மாமி அடுப்படியிலிருந்து வந்து, தினமும் மகள் அந்தண்டை போனதும் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை வழித்து இடது கன்னத்திலும் தான் பூசிவந்ததாக ஒப்புக்கொண்டாள். ஒரு பக்கம் பாரபட்சம் பார்க்க மனசு வரவில்லையாம். எனக்குக் காய்ச்சல் மயக்கம், நூலால் அளக்கிறாள் போல என்று நினைத்துவிட்டேன்.

ஆக இரண்டு கன்னத்திலும் பொடி, இரண்டு கன்னத்துக்கும் சங்கிலி, இரண்டும் வடிந்தது. இப்போது எதால் வடிந்தது? பொடி ஜெயித்ததா, சங்கிலி ஜெயித்ததா, இரண்டும் பாதிப் பாதியா? பாதிப் பாதி என்றால் பெண்ணை யாருக்குக் கொடுப்பது? கன்னியம்மாள் நாத்தனார் பிள்ளைக்காகப் பொய் சொல்கிறாள் என்று சாமுண்டீஸ்வரி அம்மாள் சத்தம் போட்டாள். கன்னியம்மாள் ‘நானா பொய்காரி’ என்று திருப்பிச் சத்தம் போட்டு, அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. சத்தம் போட்டது அவர்கள் இரண்டு பேரும், பேச்சு நின்றது என்னோடு. தாட்சாயிணி நடுவில் என்னவோ சொல்ல வந்தாள், யார் கேட்டார்கள்? சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தேன், அந்த அம்மாள் வாங்க மறுத்துவிட்டாள். “நிச்சயத்துக்கு எப்படியும் தாட்சாயிணி கழுத்துல போடறது தானே, உங்ககிட்டயே இருக்கட்டும்” என்கிறாள். நேற்றிலிருந்து அது அரிசிப் பானைக்குள் இருக்கிறது, எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஆகையால் நீ இந்தக் கடிதம் கண்டதும் தந்தி போலப் பாவித்துப் புறப்பட்டு வா. வந்து நாலு பேர் நடுவில் என் கன்னத்தைப் பார்த்து, இது பூவரசம்பூவால் வடிந்த கன்னம்தான் என்று சாஸ்திரப்படி சொல்லிவிடு. பெண்ணை எனக்குக் கொடுங்கள் என்று உன் வாயாலேயே சொல்லிவிடு. மறைக்காமல் எழுதுகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் நீ எழுதும் கடிதத்தில் ‘தாட்சாயிணி சௌக்கியமா’ என்று ஒரு வரியாவது இருக்கும். இப்போது ‘பூ வாடாமல் வருமா’ என்று மட்டும் கேட்கிறாய். அக்காளைக் கேட்டால் படிப்பு முடியட்டும் என்கிறாள். படிப்பு எப்போது முடியும் என்று கேட்டால் அது பூக்களைப் பொறுத்தது என்கிறாள். ஏரிக்கரையில் பூவரசு வருஷம் முழுக்கப் பூக்கிறது அப்பா. நான் ஒரே பெண்ணைப் பெற்றவன். தபால்காரன் வரும்போதெல்லாம் அவள் கதவோரம் வந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. கொஞ்ச நாளாக நிற்பதில்லை. அது எனக்கு வீக்கத்தை விட அதிகமாக வலித்தது.

உன் தாயாருக்கு என் நமஸ்காரம். உனக்குத் தீர்க்காயுசும், நல்ல புத்தியும், பூக்களை விட்டுத் தலை நிமிர்ந்து மனுஷர்களைப் பார்க்கிற அவகாசமும் பகவான் அருள வேண்டும். நுங்கம்பாக்கம் பக்கம் போனால் அரை வீசை நல்ல காப்பிக்கொட்டை வாங்கி வா.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் மாமன்,
உலகநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து, உன் காலேஜ் விலாசத்தை இங்கிலீஷில் எழுதச் சொல்லித் தாட்சாயிணியிடம் கொடுத்தேன். அவள் விலாசம் எழுதுவதை விட்டுக் கடிதத்தைப் படித்தாள். கசிகிற குழாய்கள் வாயை மூடிக்கொண்ட இடம் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். “நைனா, உன் கன்னத்துல பூசினது மெட்ராஸ்காரரு பொடி இல்ல. பயத்தம் மாவு” என்றாள். உன்னை மச்சான் என்றுதான் எப்போதும் சொல்வாள். இன்றைக்கு மெட்ராஸ்காரரு என்றாள், நீ கவனிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். ஏண்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “மொத நாளு பொடி தான் பூசினேன். அப்பறம் யோசிச்சேன். பொன்னுக்கு வீங்கி தானா வர்றது, தானா போறது. தெருவுல அத்தினி புள்ளைக்கும் வந்துச்சே, எத்தினி பேரு ஊட்ல சங்கிலி கீது? எல்லாம் கோலி ஆடிகினு கீதுங்க. தானா வடியற வீக்கத்துல மருந்தப் பூசிட்டு இன்னாத்த கண்டுபுடிக்கிறது? அப்ப தான் அம்மா ஜோடி மாட்டப் பத்திச் சொன்னாங்க” என்றாள்.

ஒரே நுகத்தடி, ஒரே ரோடு, ஒரே வீக்கம். செவலைக்கு உன் பொடியைப் பூசியிருக்கிறாள், மயிலைக்குப் பூசவில்லை. என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். நான் தொட்டுப் பார்த்தேன். செவலைக்குக் கழுத்து சமமாகிவிட்டது, கை வைத்தால் சும்மா நிற்கிறது. மயிலைக்கு வீக்கம் அப்படியே இருக்கிறது, தொட்டதும் என்னை முட்ட வந்தது. ஆக உன் மருந்து பலித்துவிட்டது மாப்பிள்ளே, பலித்தது மாட்டுக்கு. செவலை முரட்டு மாடாயிற்றே, தனியாகவா பூசினாய் என்று கேட்டேன். “லோகநாதன் புடிச்சிகினு நின்னாரு” என்றாள். அந்த ‘நின்னாரு’ என் காதில் விழுந்தது. இத்தனை நாளும் விடியற்காலையில் கொல்லையில் நடந்தது பூக்கூடை ஏற்றுவது மட்டுமில்லை என்று அப்போதுதான் புரிந்தது. தினமும் வந்து மாட்டைப் பிடித்துக்கொண்டு, நேற்றைக்கு இன்றைக்கு எவ்வளவு வடிந்தது என்று கேட்பானாம். அவள் நூலைக் காட்டினால் சிரிப்பானாம். அவன் சிரிப்பு எனக்குத்தான் கெட்ட சிரிப்பாம், அவளுக்கு நல்ல சிரிப்பாம். இதையெல்லாம் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். “சொன்னேன். உனக்கு வீக்கம் காது வரைக்கும் இருந்துச்சு” என்றாள்.

அப்படியானால் நான் அன்றைக்குத் தலையாட்டியது என்ன ஆவது, அதைத் திருப்பி வாங்கத்தானே இவ்வளவு நீளம் எழுதினேன் என்று கேட்டேன். அவள் மயிலையின் நெற்றியைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். “நீ ஆட்டினது ஆட்டினதாவே இருக்கட்டும் நைனா.”

ஆகவே மேலே எழுதியதில் பெண்ணைக் குறித்ததை மட்டும் படிக்காததாகப் பாவித்துக்கொள். அழிக்கலாமென்றால் நல்ல காகிதம், வீணாகும். சங்கிலி அரிசிப் பானையிலேயே இருக்கட்டும், முகூர்த்தம் வைகாசியில். மயிலைக்கு மீதிப் பொடியை இன்று பூசினாள், போதவில்லை, தயவுசெய்து இன்னொரு புட்டி அனுப்பு. அதற்கு வேண்டிய பூவரசம்பூக் கூடை இந்தக் கடிதத்தோடே வருகிறது. நான் ஏறவில்லை, லோகநாதன் ஏறிப் பறித்தான், அவனே இருட்டில் வண்டி கட்டிக் கொண்டுவருவதால் சிவக்காமல் வந்து சேரும். கூடையை வாங்கிக்கொண்டு வாசலோடு அனுப்பிவிடாதே மணவாளா. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து அவனுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடு. அவன் எங்கள் வீட்டு மாப்பிள்ளை.